கமெண்டில் திட்டு விழுந்தால்: விடுவதா, பதிலா, நீக்குவதா, மூடுவதா?

சேலம் அம்மாபேட்டையில் ஓர் அக்கா சமையல் சேனல் நடத்துகிறார். தட்டுவடை செட் செய்கிற வீடியோ போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இரவு பதினொன்றே முக்காலுக்கு அவரிடமிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. "இதுக்குப் பேரு செட்டா? பூண்டுச் சட்னியே இல்ல. சேலத்து மானத்த வாங்காதீங்க" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே அக்காவின் கேள்வி: "தம்பி, கமெண்ட்ட மொத்தமா மூடிடலாமா?"

ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன அறையில் நான் எடிட்டிங் வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் சின்ன யூடியூப் சேனல்காரர்கள்: சமையல், ஏற்காடு பயணம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை, டூவீலர் மெக்கானிக். எந்த மைக் வாங்கலாம் என்று கேட்பதைவிட, திட்டுகிறவர்களை என்ன செய்வது என்று கேட்பதுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அக்காவுக்கு அன்று ராத்திரி நான் சொன்ன முதல் விஷயம்: அந்தக் கமெண்டில் இரண்டு இருக்கிறது. "மானத்த வாங்காதீங்க" என்பது வசவு. "பூண்டுச் சட்னி இல்ல" என்பது தகவல், அதுவும் உண்மையான தகவல். செட் என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும், வெங்காயம், மேலே கொஞ்சம் எலுமிச்சை. அந்தச் சிவப்புச் சட்னியில் பூண்டு வாசம் தூக்கலாக இருக்க வேண்டும். அக்கா அதை அரைக்கத்தான் செய்தார். மிக்ஸி மூடியைத் திறந்து கேமராவுக்குச் சாய்த்துக்கூடக் காட்டினார். வீடியோ நீளம் என்று அந்த நாற்பது வினாடியை வெட்டியது நான். திட்டு அக்காவுக்கு விழுந்தாலும் தப்பு என் டைம்லைனில் இருந்தது. இப்படி, வசவுக்குள்ளே தகவல் ஒளிந்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாத் திட்டும் ஒரே ரகம் இல்லை. வீடியோவில் தவறு என்பது ஒன்று. எனக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. ஏற்காட்டுக் காபியில் சிக்கரி கலக்கலாமா என்பது மாதிரியான சண்டைகள் இதில் சேரும். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்று நோக்கத்தைச் சந்தேகிப்பது மூன்றாவது. நிறம், உடம்பு, புடவை, "நீங்க எந்த ஆளுங்க" என்று ஆளைத் தாக்குவது கடைசி. இந்தக் கடைசி ரகத்துக்கு விமர்சனம் என்று பெயரே கிடையாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வழி நல்லதா என்று பார்க்க நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

அடுத்து வீடியோ பார்க்க வருகிறவருக்குச் சரியான தகவல் போய்ச் சேருமா? என்னைப் பொறுத்தவரை மற்ற நான்கைவிட இது முக்கியம். இரண்டாவது, எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூன்றாவது, இரவு தூங்க விடுமா? நான்காவது, வழக்கமாகப் பார்க்கிற நம் ஆட்களின் நம்பிக்கை கூடுமா, குறையுமா? ஐந்தாவது, நாளைக்கு மனம் மாறினால் செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? கோபத்தில் எடுக்கிற முடிவுக்கு இந்த ஐந்தாவது கேள்விதான் கடிவாளம்.

| வழி | நேரம் | அடுத்தவருக்குத் தகவல் | நம்பிக்கை | திரும்பப் பெறலாமா |
|---|---|---|---|---|
| பேசாமல் விடுவது | இல்லை | போகாது | தவறு என்றால் குறையும் | எப்போதும் |
| பதில் எழுதுவது | அதிகம் | ஓரளவு | கூடும் | திருத்தலாம், அழிக்கலாம் |
| நீக்குவது, மறைப்பது | குறைவு | போகாது | ஆளைப் பொறுத்து | நீக்கியதை முடியாது, மறைத்ததை முடியும் |
| கமெண்ட் பகுதியை மூடுவது | இல்லை | போகாது | குறையும் | முடியும் |
| பின் செய்து திருத்துவது, வெட்டுவது | ஒருமுறை மட்டும் | நன்றாகப் போகும் | கூடும் | பின்னை மாற்றலாம் |
| பதில் வீடியோ | மிக அதிகம் | நன்றாகப் போகும் | இரண்டு பக்கமும் போகலாம் | கிட்டத்தட்ட முடியாது |
| வேறொருவரைப் படிக்க வைப்பது | அவருடைய நேரம் | அவரைப் பொறுத்தது | மாறாது | எப்போதும் |

## பேசாமல் விடுவது

ருசி, பாணி, குரல் பற்றிய கமெண்டுகளுக்கு இதுவே போதும். சிக்கரி வேண்டாம் என்பவரை வேண்டும் என்று மாற்ற யாராலும் முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. கீழே பார்வையாளர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

ஆனால் செலவே இல்லாத வழி மாதிரி தெரிகிற இதில் இரண்டு செலவு மறைந்திருக்கிறது. ஒன்று, தவறைச் சுட்டிய கமெண்டுக்குக் கீழே நீங்கள் பேசாமல் இருந்தால் அது ஒப்புக்கொண்டது மாதிரியும் இருக்கும், அலட்சியம் மாதிரியும் இருக்கும். 2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. சேனலை நிர்வகிக்கிற யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் நமக்கு மட்டும்தான் அது தெரியும். அதற்குமுன் ஒரு வீடியோ நம்பத்தக்கதா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இப்போது புதிதாக வருகிறவருக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கைப் பலகை கமெண்ட் பகுதிதான். அதை அவர் படிக்கத்தான் செய்வார்.

இரண்டாவது செலவு இன்னும் பெரியது. பதில் போடாமல் இருப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. அக்கா பதில் போடவில்லை, ஆனால் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் போனை நான்கு முறை திறந்து அதே கமெண்டைப் படித்தார். அதை விட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது. உண்மையிலேயே விட வேண்டும் என்றால் கமெண்ட் நோட்டிஃபிகேஷனை அணைக்க வேண்டும். பகலில் ஒரு நேரம் குறித்துக்கொண்டு, அப்போது மட்டும் ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும். படுக்கையில் படுத்துக்கொண்டு படிக்கவே கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. வாயைத் திறக்காமல் போகிறவர்களின் விமர்சனம்தான் அளவில் பெரிது. ஸ்டூடியோவில் வீடியோவின் எந்த வினாடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கோடு வரும். அந்தக் கோடு எங்கே சடாரென்று விழுகிறதோ அங்கே ஏதோ சரியில்லை. ஒரு திட்டைப் பத்து முறை படிக்கிற நேரத்தில் அந்தக் கோட்டை ஒருமுறை பாருங்கள்.

## பதில் எழுதுவது

தவறைச் சுட்டியவருக்கும், நோக்கத்தைச் சந்தேகித்தவருக்கும் பதில் எழுதியே ஆக வேண்டும். எழுதும்போது ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: திட்டியவர் திரும்பி வந்து படிப்பாரோ இல்லையோ, அடுத்து வருகிற நூறு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக எழுதுங்கள்.

அக்கா முதலில் தட்டச்சு செய்து வைத்திருந்தது: "நீங்க செஞ்சு காட்டுங்க பார்க்கலாம்." நான் அனுப்ப வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் அனுப்பியது: "பூண்டுச் சட்னி அரைச்சோங்க, எடிட்டிங்ல போயிருச்சு. பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு, கொஞ்சமா தண்ணி. நாளைக்குத் தனியா சின்ன வீடியோ போடறேன்." வெட்டிய அந்த நாற்பது வினாடியையே எடுத்து ஷார்ட்ஸாகப் போட்டோம். திட்டியவர் அதற்கு ஒரு லைக்கோடு நிறுத்திக்கொண்டார். அது போதும்.

காசு விவகாரத்துக்குப் பேசாமல் இருப்பது மிக மோசமான முடிவு. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி இலவசமாக அறை கொடுத்தால்கூட அது விளம்பரக் கணக்கில்தான் வரும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் இதற்கு விதி வகுத்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பணமாக வந்தாலும், பொருளாக வந்தாலும், இலவசத் தங்கலாக வந்தாலும் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். அப்லோட் செய்யும்போதே அதற்கு ஒரு டிக் பெட்டியும் இருக்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால், "ஆமாம், அறை இலவசம், சொல்லாமல் விட்டது தவறு" என்று எழுதிவிட்டு டிக் போடுங்கள். உண்மையிலேயே கைக்காசு கொடுத்துத்தான் தங்கினீர்கள் என்றால் வாடகைத் தொகையோடு ஒரே வரி போதும். பத்து வரி எழுதினால் சந்தேகம்தான் கூடும்.

மறைந்த செலவு நேரம். நாற்பது கமெண்டுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். அது ஒரு வீடியோவின் பாதி எடிட்டிங். அப்புறம், ஒரு பதில் இன்னொரு பதிலை இழுக்கும். ஒருவருக்கு இரண்டு பதில், அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## நீக்குவது, மறைப்பது, சொல் தடை

ஆளைத் தாக்குகிற கமெண்டுக்கு இதுதான் வழி. இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்களையே அசிங்கமாகப் பேசுகிறவரை எழுந்து போகச் சொல்வது உங்கள் உரிமை. யூடியூபில் ஒருவரைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டால் அவர் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, மறைத்ததாக அவருக்கு அறிவிப்பும் போகாது. நீக்கினால் சிலர் வெறியோடு திரும்பி வருவார்கள். மறைத்தால் பெரும்பாலும் வருவதில்லை.

சொல் தடைப் பட்டியல், அதாவது இந்தச் சொற்கள் வந்தால் கமெண்டை வெளியிடாமல் நிறுத்தி வை என்று ஸ்டூடியோவில் கொடுக்கிற பட்டியல்தான் தமிழ்ச் சேனல்களுக்குச் சிக்கல். ஒரு கெட்ட வார்த்தையைத் தடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் ஒன்று. விகுதியும் வேற்றுமை உருபும் சேர்ந்தால் ஐந்தாறு. அதையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், அது பத்து. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும். "நாய்" என்ற சொல்லைத் தடுத்தால், "ஏற்காடு ஏரி ரோட்டில் ராத்திரி நாய்த் தொல்லை இருக்குமா, ஃபேமிலியோட வர்றோம்" என்று கேட்கிற நல்ல மனிதரும் நிறுத்தி வைக்கப்படுவார்.

இதனால் நேர்ந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஏற்காடு பயண வீடியோ போடுகிற தம்பி ஒருவருக்கு நான்தான் அந்தப் பட்டியலைப் போட்டுக் கொடுத்தேன். "அறிவிருக்கா", "அறிவு இருக்கா" இரண்டும் அதில் இருந்தன. அவர் ஒரு வீடியோவில், மலையிலிருந்து இறங்கும்போது பைக்கை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதற்கு ஒருவர் எழுதியிருந்தார்: "தம்பி, இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்டுல நியூட்ரல்ல இறங்கச் சொல்றியே, அறிவு இருக்கா? ரெண்டாவது கியர்ல இறக்கு. பிரேக்கையே புடிச்சிட்டு வந்தா சூடாயி அடிவாரம் வர்றதுக்குள்ள பிடிக்காமப் போயிரும்." அந்தச் சேனலுக்கு வந்ததிலேயே விலை மதிப்புள்ள கமெண்ட் அதுதான். ஒன்பது நாள் அது யார் கண்ணுக்கும் படாமல் பரிசீலனைப் பகுதியில் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் வீடியோவை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து என் வேலை மாறியது. பட்டியலில் கெட்ட வார்த்தைகளும் சாதி வசவுகளும் மட்டும். கடுமையான பேச்சு எதுவும் இல்லை. நிறுத்தி வைக்கப்பட்ட கமெண்டுகளை இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். முடியாது என்றால் பட்டியலே வேண்டாம்.

தவறைச் சுட்டிய கமெண்டை நீக்குவது பற்றி நான் உறுதியாகச் சொல்வேன்: செய்யாதீர்கள். எழுதியவர் ஸ்க்ரீன்ஷாட் வைத்திருப்பார். தவறைவிட நீக்கியதுதான் பேச்சாகும்.

## கமெண்ட் பகுதியையே மூடுவது

அக்கா கேட்டது இதைத்தான். தூக்கம் உடனே திரும்பி வரும், அதை நான் மறுக்கவில்லை. சில சமயம் இதுதான் சரி. வீட்டில் துக்கம், உடம்பு சரியில்லை, ஏதோ ஒரு விவகாரத்தில் ஊர் பேர் தெரியாத கூட்டம் ஒரே நாளில் படையெடுத்து வருகிறது என்றால் தயங்காமல் மூடுங்கள். முழுதாக மூட வேண்டும் என்பதில்லை, பாஸ் (Pause) என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய கமெண்டுகள் அப்படியே தெரியும், புதிதாக யாரும் எழுத முடியாது. இரண்டு மூன்று நாளில் அலை ஓய்ந்ததும் திறந்துவிடலாம்.

குழந்தைகள் வருகிற வீடியோவில் கொஞ்சமும் யோசிக்க வேண்டாம், மூடியே வையுங்கள். படகு இல்லத்தில் உங்கள் பிள்ளை விளையாடுகிற காட்சிக்குக் கீழே யார் யாரோ என்னென்னவோ எழுதுவதை அனுமதிக்க எந்தக் காரணமும் இல்லை. குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்தது தொடர்பாக 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 17 கோடி டாலருக்கு உடன்பாடு ஆன பிறகு, 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் யூடியூபே கமெண்டை எடுத்துவிட்டது.

நிரந்தரமாக மூடுவதில்தான் செலவு அதிகம். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் இரண்டு மாதம் மூடி வைத்திருந்தார். திட்டு நின்றது. "என்ன எடை, வெளியூருக்கு அனுப்புவீங்களா" என்ற விசாரிப்பும் அதோடு நின்றது. அவருக்கு ஆர்டர் வந்துகொண்டிருந்தது அந்த வழியில்தான். இன்னொரு பக்கம், உங்களைப் பற்றிய பேச்சு நின்றுவிடாது. உங்களால் பதில் சொல்ல முடியாத வாட்ஸ்அப் குழுவுக்கும் வேறு சேனல்களுக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட, இரண்டாவது கியரில் இறக்கச் சொன்ன அந்த மனிதர் மாதிரி ஒருவர் எழுத வந்து, எழுத இடமில்லாமல் திரும்பிப் போவார்.

## பின் செய்து திருத்துவது, வெட்டுவது, எடுத்துவிடுவது

உண்மையான தவறுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இந்த வசதிகள் இருப்பதே தெரியவில்லை.

தவறின் பாரத்தைப் பொறுத்து மூன்று படி.

லேசான தவறு. ஊர்ப்பெயர், நுழைவுக் கட்டணம், கடை திறக்கும் நேரம் மாதிரி. சரியான தகவலை நீங்களே ஒரு கமெண்டாக எழுதிப் பின் செய்தால், அதாவது எல்லாக் கமெண்டுக்கும் மேலே நிற்க வைத்தால் போதும். சுட்டிக்காட்டியவருக்கு அதிலேயே நன்றி சொல்லுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு பின்தான், அதனால் அதை விளம்பர லிங்குக்குச் செலவழிக்காதீர்கள். டிஸ்கிரிப்ஷனில் கரெக்‌ஷன் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தலைப்பாகப் போட்டு, கீழே நிமிடம், வினாடியோடு திருத்தத்தை எழுதினால், அந்த இடம் வரும்போது திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டை தோன்றும். திருத்தத்தைத் தமிழிலேயே எழுதலாம், தலைப்புச் சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

காலம் மாறியதால் வந்த தவறு. அதே ஏற்காடு தம்பி நவம்பரில் கிளியூர் அருவியை எடுத்திருந்தார். மழை முடிந்த நேரம், வெள்ளையாகக் கொட்டுகிறது, பார்க்கவே கண் நிறையும். ஏப்ரலில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு படி இறங்கிப் போனவர்கள் கண்டது பாறையை. மூச்சு வாங்கத் திரும்பி ஏறி வந்து, மேலேயே உட்கார்ந்து திட்டி எழுதினார்கள். தம்பி நான்கைந்தை நீக்கினார். அடுத்த வாரம் புதிதாக நான்கைந்து வந்தது, கோடை விடுமுறைதானே. பிறகு ஒரு பின் போட்டோம்: "இது நவம்பரில் எடுத்தது. மழை இல்லாத மாதங்களில், முக்கியமாக மார்ச் முதல் மே வரை, தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். பெரியவர்களைப் படியில் இறக்குவதற்கு முன் மேலே கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்." தலைப்பிலேயே மாதத்தையும் சேர்த்தோம். திட்டு நின்றதோடு, "கேட்டுட்டுத்தான் போனோம், நன்றி" என்று எழுத ஆரம்பித்தார்கள். மலை, அருவி, பூ, பழம் என்று பருவத்தோடு மாறுகிற எதை எடுத்தாலும் மாதத்தைத் தலைப்பில் போடுவது நல்லது. மாம்பழ சீசனில் எடுத்த மார்க்கெட் வீடியோவை ஜனவரியில் பார்த்துவிட்டு மல்கோவா தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆபத்தான தவறு. நியூட்ரல் விஷயம் இந்த ரகம். இங்கே பின் போதாது. டிவியில் பார்க்கிறவர் கமெண்டைத் திறப்பது அபூர்வம். பாதி வீடியோவைக் காதில் மட்டும் கேட்கிறவர்களும் உண்டு. தவறான வாக்கியம் வீடியோவில் இருக்கவே கூடாது. யூடியூப் ஒரு வீடியோவுக்குப் பதிலாக அதே முகவரியில் வேறு கோப்பை ஏற்ற விடாது. ஆனால் ஸ்டூடியோவின் எடிட்டரில் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம். பார்வைகள், கமெண்டுகள், முகவரி எதுவும் மாறாது. ஒரு லட்சம் பார்வைகளைத் தாண்டிவிட்டால், விளம்பர வருமானம் தருகிற பார்ட்னர் திட்டத்தில் சேராத சேனல்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. அதனால் தள்ளிப்போடக் கூடாது. நாங்கள் பதினான்கு வினாடியை வெட்டினோம். செயலாக்கம் முடிகிற வரை பழைய வீடியோதான் ஓடிக்கொண்டிருக்கும், அந்த நேரத்துக்கு வீடியோவைப் பிரைவேட்டில் வைத்தோம்.

வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால், பழைய கமெண்டுகள் எதைப் பற்றியவை என்று புதியவருக்குப் புரியாது, மூடி மறைத்த மாதிரியும் ஆகிவிடும். அதனால் அந்த ஒன்பது நாள் கமெண்டை வெளியே எடுத்து, இதயம் போட்டு, மேலே பின் செய்தோம். "அறிவு இருக்கா" என்ற வார்த்தையோடுதான். தம்பி அதன் கீழே எழுதினார்: "நான் சொன்னது தவறு அண்ணா. அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். எல்லாரும் இரண்டாவது கியரில் இறங்குங்க." இன்னொரு மெக்கானிக் வந்து, எஃப்ஐ வண்டிகளில், அதாவது பெட்ரோலை இன்ஜெக்டர் மூலம் செலுத்துகிற வண்டிகளில், கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்குச் செலவாகும் என்று விளக்கினார். பெட்ரோல் மிச்சம் என்ற காரணமும் அதோடு அடிபட்டுப் போனது.

வெட்ட முடியாத அளவுக்கு வீடியோ முழுக்கத் தவறு பரவியிருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாக எடுங்கள். பார்வை எண்ணிக்கை போகும். போகட்டும்.

## பதில் வீடியோ

கோபம் வந்தவுடன் எல்லோருக்கும் கை போகிற இடம் இது. அதனால்தான் இதற்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுக்கிறேன்.

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிற அதே அண்ணனுக்கு ஒருவர், "பாதி செம்பு. டச் எவ்வளவுன்னு சொல்லவே மாட்டாங்க" என்று எழுதினார். டச் என்றால் வெள்ளியின் சுத்த அளவு. ஆறு லைக். அண்ணன் அன்றைக்கே பதினொரு நிமிட வீடியோ எடுத்தார். எழுதியவரின் பெயரும் படமும் திரையில் பெரிதாக. ஆறு பேர் பார்த்த சந்தேகம் சப்ஸ்கிரைபர் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை நினைத்தே பார்க்காதவர்களும் "ஆமா, டச் என்னங்க" என்று கேட்டார்கள். அவர் கமெண்டை மூடியது இதற்குப் பிறகுதான். பெயரையும் படத்தையும் போட்டு ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது சட்டத்திலும் உங்களைத்தான் மாட்டிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு அவதூறுக்கு உரியது.

பிறகு அந்த வீடியோவை எடுத்துவிட்டு வேறொன்று செய்தோம். யார் பெயரும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு ஜோடி கொலுசைத் தராசில் வைத்து எடை காட்டினார். சோதனை மெஷினில் வைத்து எண் வருகிற வரை கேமராவை நகர்த்தவில்லை. ஒவ்வொரு வளையத்திலும் பற்றவைப்பு இருப்பதால் முழுக் கொலுசின் டச் வெறும் வெள்ளிக் கட்டியைவிடக் குறையும் என்பதையும், எந்த விலைக்கு எந்த டச் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இன்றைக்கு யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் அந்த லிங்க் போதும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பதிலைக் கண்ணால் காட்ட முடியும் என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் பதில் வீடியோ எடுங்கள். எடுத்த பிறகும் இரண்டு நாள், லிங்க் இருக்கிறவர்கள் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டட்டில் வைத்துவிட்டுப் பப்ளிக் ஆக்குங்கள்.

## வேறொருவரைப் படிக்க வைப்பது

அக்கா கடைசியில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கல்லூரியில் படிக்கிற மகள் கமெண்ட் பகுதிக்கு மாடரேட்டர். பாஸ்வேர்டு கொடுக்கத் தேவையில்லை, சேனல் அமைப்பில் பெயரைச் சேர்த்தால் போதும். வெளியாள் என்றால் சம்பளம் கொடுங்கள். வசவுகளை நாள் முழுக்கப் படிப்பது சும்மா செய்கிற வேலை இல்லை.

மறைந்த ஆபத்து, பாசம். அம்மாவுக்கு வருத்தம் வேண்டாம் என்று மகள் கடுமையான எதையும் கண்ணில் காட்டாமல் விட்டால், இரண்டு மாதத்தில் அக்காவுக்குக் கிடைப்பது வெறும் புகழ்ச்சி. அதற்கு அவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதி அடுப்பு மேடையில் வைப்பாள். வசவு இருக்காது, தகவல் மட்டும். நான் பார்த்த ஒரு தாளில் இருந்தது: "அளவு கரண்டில சொல்லாம கிராம்ல சொல்லணுமாம். மிக்ஸி சத்தத்தக் குறைக்கணுமாம். கேரட் துருவறப்ப கை மறைக்குதாம்." மூன்றும் சரி. இரண்டாவது என் வேலை.

## போலீஸ் எப்போது

வெறுமனே மனம் நோகும்படி எழுதியது குற்றமாகாது. அப்படிப்பட்ட பதிவுகளுக்கு வழக்குப் போட வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று தீர்த்துவிட்டது. மிரட்டல், ஆபாசம், ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது ஆகியவற்றுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பதியலாம், காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். இந்த ஒரு சூழலில் மட்டும் நீக்குவதற்கு அவசரப்படாதீர்கள். முதலில் தேதி, பெயர், சேனல் முகவரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட். அதற்குப் பிறகு மறையுங்கள்.

## யாருக்கு எது

சேனல் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாளைக்குப் பத்து கமெண்டுதான் என்றால் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள். இந்த வசதி பிறகு கிடைக்காது. தொழிலுக்காகச் சேனல் நடத்துகிறவர் எந்தக் காரணத்துக்காகவும் கமெண்டை நிரந்தரமாக மூட வேண்டாம். முகம் காட்டுகிற பெண்கள் முதல் நாளிலிருந்தே மாடரேட்டரையும் சொல் தடையையும் வைத்துக்கொள்வது நல்லது, முதல் வசவு வருகிற வரை காத்திருக்கத் தேவையில்லை. மலைப்பாதை, மருந்து, மின்சாரம், கேஸ் என்று உயிரோடு விளையாடுகிற எதைப் பற்றிப் பேசினாலும் சொல் தடை குறைவாகவும் படிக்கிற கண் அதிகமாகவும் இருக்க வேண்டும்.

ஏற்காடு தம்பி இந்த ஏப்ரலில் மறுபடியும் கிளியூர் படி இறங்கினார். தண்ணீர் இல்லாத பாறையையும், காய்ந்து கிடந்த குட்டையையும், திரும்பி ஏறும்போது தனக்கு மூச்சு வாங்கியதையும் அப்படியே எடுத்துப் போட்டார். தலைப்பில் மாதம் இருந்தது. போன வருடம் திட்டிய ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "இப்பச் சரி. பஸ் நேரத்தையும் போடுங்க." தம்பி அன்றைக்குச் சாயங்காலமே பேருந்து நிலையத்துக்குப் போய் நேரம் குறித்துக்கொண்டு வந்தார்.